அத்தியாயம் 14: மறுமுனைக்குக் கேட்டது

போன வாரம் பரசுராமன் எறிந்த தறி நாடா அபியின் தலையில் படாமல் சுவரில் பட்டுத் தெறித்ததே, அதற்காக யாரும் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டாம். குறி தப்பிவிட்டது, அவ்வளவுதான். அவளுடைய பழைய இயர்போன் தப்பவில்லை. நாடாவின் இரும்பு முனை பட்டு ஒயர் அறுந்து, ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது.

"அவனை நாலு சாத்து சாத்துங்கள்" என்று எழுதியிருக்கும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. நானும் உங்கள் கட்சிதான். ஆனால் நாம் சொல்கிற நேரத்துக்கெல்லாம் அபி மாதிரிப் பெண்கள் கை ஓங்க மாட்டார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பித்தவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பரசுராமன் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவன். அவன் நெய்வது கோர்வைப் புடவை, உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. அவன் குரல் கொடுக்கும்போதெல்லாம் கரை நாடாவை, அதாவது கரைக்கான நூலைச் சுமந்து ஓடும் கட்டையை, தள்ளிவிட ஓரத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து மூன்று வருஷமாக அந்த இன்னொருவர் அபி.

அபி பி.காம். படித்தவள். சென்னைக் கம்பெனி ஒன்றில், வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் வேலைக்கு மனுப் போட்டாள். இரண்டு சுற்றுத் தேறிவிட்டாள். இன்று கடைசிச் சுற்று. பகல் பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி ஆள் ஒருவர் வாடிக்கையாளர் மாதிரி பேசுவார். அரைமணி நேரம் தடுமாறாமல் பதில் சொன்னால் வேலை. தடுமாறினால் மறுபடி தறியின் ஓரம். பின்னால் எந்தச் சத்தமும் இருக்கக்கூடாது என்று கம்பெனி மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அதனால்தான் காலை ஒன்பதரைக்கே அபி பேருந்து நிலையத்துக்கு எதிரே தப்ரேஸின் செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

தப்ரேஸ் ஒரு சார்ஜர் விற்றாலும் கால்மணி நேரம் பேசுகிறவன். தறி வீடு, அரைமணி நேரம் பேசணும், தறிச் சத்தம் கேட்கக்கூடாது என்று அவள் சொன்னதுமே உற்சாகமாகிவிட்டான். கண்ணாடி மேஜைமேல் மூன்றை எடுத்து வைத்தான். காதுக்குள் சொருகும் குட்டி இயர்பட்ஸ் ஒன்று. அது காதை அடைத்துச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் ரப்பர் அளவு சரியாக இல்லாவிட்டால் பேசும்போதே நழுவும். கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் ஒன்று. அது மலிவு, சத்தத்தைத் தடுக்காது. மூன்றாவது, காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்போன். வெளியில் வரும் சத்தத்தை அதுவே கேட்டு, அதற்கு எதிர்ச்சத்தம் உண்டாக்கி, இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டு அழித்துவிடும் என்றான்.

அபி நம்பாமல் பார்த்தாள். பக்கத்து ஜூஸ் கடையில் மிக்சி அலறிக்கொண்டிருந்தது. தப்ரேஸ் ஹெட்போனை அவள் தலையில் மாட்டச் சொல்லி, ஓரத்துப் பட்டனை அழுத்தச் சொன்னான்.

மிக்சி செத்துப்போனது.

ஜூஸ் கடைக்காரர் கைதான் தெரிந்தது, உள்ளே ஆரஞ்சு நிறம் சுழன்றது, சத்தம் மட்டும் இல்லை. அபிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு ஹெட்போனுக்காகவா அழுவாள் என்று நினைக்காதீர்கள். மூன்று வருஷத்தில் அவளுக்கென்று யாரும் தராத ஒன்றை ஒரு பட்டன் தந்துவிட்டது.

"இத்தயே குடுப்பா" என்றாள்.

தப்ரேஸ் கட்டிக்கொடுக்கும்போது இன்னொரு பட்டனையும் காட்டினான். அதை அழுத்தினால் வெளிச்சத்தம் உள்ளே வரும். "ரோட்டுல போறப்ப இதப் போட்டுக்குங்கக்கா. இல்லன்னா பின்னாடி லாரி வந்தாலும் தெரியாது" என்றான்.

இருவரும் நல்லவர்கள்தான், இருவருமே ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள். தறிச் சத்தம் யாருக்குக் கேட்கக்கூடாது? தறி வீட்டில் வாழ்கிறவள் காதில் தறிச் சத்தம் விழுவதே இல்லை, நமக்கு மின்விசிறி மாதிரி. கேட்கப்போவது சென்னையில் இருப்பவருக்கு. அதற்கு மைக் நல்லதாக இருக்க வேண்டும். அபி காதைப் பார்த்து வாங்கினாள், மைக்கைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. தறி நின்றிருந்தது, பரசுராமன் கொதித்துக்கொண்டிருந்தான். அபிக்குப் பதிலாகக் கரை நாடா தள்ள வரும் காவேரி, முசரவாக்கத்தில் ஒரு சாவு என்று போய்விட்டாளாம். முதலாளிக்குத் திங்கட்கிழமை புடவை போக வேண்டும். சந்தன நிற உடல், அரக்குக் கரை, யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை.

அபி பன்னிரண்டரைக்கு வந்து உட்காருகிறேன் என்றாள். அந்த அரைமணி நேரம் மட்டும் தறியை நிறுத்தி வைக்க முடியுமா என்றும் கேட்டாள். கேட்டிருக்கவே கூடாது.

"ஒன் போனுக்காக என் தறி நிக்காது" என்றான் பரசுராமன்.

ஆகவே அவனுடைய அம்மா பட்டம்மாள் ஓரத்தில் உட்கார்ந்தாள். பட்டம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது, கை இன்னும் சுறுசுறுப்பு. ஆனால் இடது காது சுத்தமாகக் கேட்காது. நாற்பது வருஷத் தறிச் சத்தத்தில் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். தறியின் ஓரத்தில் உட்கார்ந்தால் மகன் இருப்பது அந்த இடது பக்கம். அவன் குரல் கொடுக்கும்போதெல்லாம் அவள் அரை நொடி தாமதமாக நாடாவைத் தள்ளினாள். கரை கோணிக்கொண்டு போயிற்று. அவன் பெற்றவளை எந்தெந்த வார்த்தையால் திட்டினான் என்பதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம். அபி சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் பாய் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, லேப்டாப்பைத் திறந்தாள். ஹெட்போனை மாட்டினாள். இரண்டு பட்டனில் எது என்று ஒரு கணம் யோசித்தாள். வெளிச்சத்தம் உள்ளே வந்தால் அவன் கூப்பிடுவது கேட்கும். கேட்டால் பயம் வரும், பயம் வந்தால் நாக்கு குழறும். முதல் பட்டனையே அழுத்தினாள்.

தறி, மாமியார், புருஷன், தெருவில் காய்கறி வண்டி, எல்லாம் ஒரே அமுக்கில் போய்விட்டன.

லேப்டாப்பில் அழைப்பு மணி அடித்தது. மனப்பாடம் செய்திருந்ததை அபி சொன்னாள். வணக்கம், என் பெயர் அபி, இந்த அழைப்பு தரத்தைச் சோதிப்பதற்காகப் பதிவு செய்யப்படுகிறது, உங்களுக்கு எப்படி உதவட்டும்?

எதிரே ருக்ஸானா என்ற பெண். கம்பெனியில் சோதிக்கிறவள். ஃபிரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறது என்று கோபக்கார வாடிக்கையாளராக ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"உங்க பக்கம் என்ன சத்தம் அது? மெஷின் ஓடுதா? நீங்க பேசறதே கேக்கல."

அபிக்குப் புரிய மூன்று நொடி ஆயிற்று. அவளைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. அதாவது அவளுக்கு இல்லை. இந்தக் கருவி தன் காதைத்தான் மூடியது, எதிராளியின் காதை அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. மன்னிக்கணும் மேடம் என்று சொல்லி, மைக் பக்கத்தைக் கையால் பொத்திப் பார்த்தாள். ருக்ஸானா இன்னும் கேட்கிறது என்றாள். ஒரு நிமிஷம் இப்படியே போயிற்று.

பிறகு ருக்ஸானாவின் குரல் தளர்ந்தது.

"பரவால்ல, இப்ப நின்னுடுச்சு. சொல்லுங்க."

அபிக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கடவுளே என்று மூச்சு விட்டாள். நேராக உட்கார்ந்தாள். ஃபிரிட்ஜ் என்ன மாடல், எப்போது வாங்கினீர்கள், தண்ணீர் முன்பக்கமா பின்பக்கமா என்று அழகாக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் கேட்க ஆரம்பித்தாள்.

தறி ஏன் நின்றது என்று அவள் யோசிக்கவில்லை. கூடத்தில் பரசுராமன் மூன்று தடவை அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தான். பதில் இல்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு எழுந்துவிட்டான்.

எனக்கு இந்த இடத்தில் எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பின்னாலிருந்து அவன் ஹெட்போனையும் முடியையும் சேர்த்துப் பிடித்து இழுத்தான். ஹெட்போன் கழன்று அரிசி டிரம்முக்கு அடியில் போய் விழுந்தது. அவள் திரும்புவதற்குள் உள்ளங்கையை விரித்து இடது காதில் அறைந்தான். அந்த அறை அவளுக்கு வலிக்கவில்லை. காதுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது, அப்புறம் நீளமாக ஒரு 'ஙொய்' சத்தம் மட்டும். தரையில் விழுந்தவள், என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல், டிரம்மைப் பார்த்து, "லைன்ல இருங்க மேடம்" என்றாள்.

அது அவனை இன்னும் வெறியேற்றிவிட்டது.

பட்டம்மாள் ஓடி வந்து வாசலில் நின்றாள். அவள் வாய் அசைந்தது அபிக்குத் தெரிந்தது. அந்த 'ஙொய்'யில் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அடுத்த மூன்று அடியும் முதுகில் விழுந்தன. பிறகு முடியைப் பற்றிக் கூடத்துக்குத் தரதரவென்று இழுத்துப்போய், தறியின் ஓரத்தில் தள்ளினான்.

"ஒக்காருடி. ஒன் எடம் இது."

அபி கையை ஊன்றிய இடத்தில் கரை நாடா இருந்தது. எடுத்தாள். நீங்கள் பதிமூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் அப்போது செய்தாள். எறியவில்லை, எறிந்தால் குறி தப்பும். கையில் பிடித்தபடியே இரும்பு முனையால் அவன் நெற்றியில் அடித்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவதுக்கு அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் அந்தக் கையைக் கடித்தாள். பல் எலும்பில் படுகிற வரைக்கும் கடித்தாள்.

அவன் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். புருவத்துக்கு மேலே பிளந்திருந்தது. ரத்தம் மூக்கின்மேல் வழிந்து இறங்கிச் சந்தன நிறப் பட்டின்மேல் சொட்டியது. அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. புடவையைத்தான் பார்த்தான். அந்த நேரத்தில் பட்டம்மாள் அபியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து ஆட்டோவை நிறுத்தினாள். லேப்டாப்புக்குப் பக்கத்தில் கிடந்த போனையும் மறக்காமல் இடுப்பில் சொருகியிருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் காது பார்க்கும் டாக்டர் கீர்த்தி சின்னப் பெண். விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தவள் உதட்டைச் சுழித்தாள். செவிப்பறை கிழிந்திருக்கிறது, தண்ணீர் படக்கூடாது, தானாக மூடிக்கொள்ளலாம், மூடாமலும் போகலாம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றாள். காதை வைத்துத்தானே என் வேலை என்று அபி நினைத்தாள்.

எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டாள். அபி வாயைத் திறப்பதற்குள் பட்டம்மாள் முந்திக்கொண்டாள். தறிப் பலகை பட்டுவிட்டதாம்.

டாக்டர் பேனாவை மூடினாள்.

"வெளிய ஒருத்தர் நெத்தியில தையல் போட்டுக்கினு இருக்காரு. அவரையும் தறிதான் அடிச்சுதாம். ஒங்க தெருத் தறிங்களுக்கு இன்னிக்கு இன்னா ஆச்சு?"

பட்டம்மாள் வலது காதை முன்னால் திருப்பினாள். டாக்டர் அதைக் கவனித்துவிட்டாள். அந்தக் காதுக்கு என்னம்மா என்றாள். தறிச் சத்தத்துல பூட்டுது என்றாள் பட்டம்மாள், ஊரெல்லாம் சொல்கிற அதே ராகத்தில்.

"சத்தத்துல போனா ரெண்டு காதும் சேந்துதாம்மா போவும். ஒண்ணு மட்டும் எப்படிப் போச்சு?"

பட்டம்மாள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. அபி மாமியாரின் இடது காதையே பார்த்தாள். தன் காதும் இடதுதான்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ருக்ஸானா. அபி பழக்கத்தில் இடது காதில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பயந்துபோய் ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

நான் இப்படிக் கூப்பிடக்கூடாது, இருந்தாலும் கூப்பிடுகிறேன் என்று ஆரம்பித்தாள் ருக்ஸானா. லைன்ல இருங்க மேடம் என்று அபி சொன்னதால் அவள் லைனிலேயே இருந்தாளாம். பதினோரு நிமிஷம். அந்த ஹெட்போனின் மைக் மட்டமானது, எந்தச் சத்தத்தையும் தடுக்கவில்லை, அதனாலேயே எல்லாம் பதிவாகியிருக்கிறது. வேலை விஷயம் திங்கட்கிழமைதான் முடிவாகும், அது தன் கையில் இல்லை. ஆனால் போலீசுக்குப் போவதானால் பதிவைக் கேட்டு வாங்கலாம், தானே வந்து சாட்சி சொல்வதாகவும் சொன்னாள்.

"நீங்களே ஒரு தடவ கேட்டுருங்க" என்று போட்டுக் காட்டினாள்.

தறி ஓடியது. நின்றது. அபியின் குரல், தண்ணி முன்பக்கமா வருதா பின்பக்கமா மேடம். அறை. டாக்டரே தோளைக் குறுக்கிக்கொண்டாள். லைன்ல இருங்க மேடம். பிறகு ஒரு வயதான பெண்ணின் குரல், மூச்சு வாங்க, தெளிவாக.

"காதுல அடிக்காதடா, செவிடாப் பூடுவா. முதுவுல அடி."

அதற்குப் பிறகு முதுகில் விழுந்த மூன்று அடி. ஒன்றொன்றாக எண்ண முடிந்தது.

பட்டம்மாள் வலது காதைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தபடியே குனிந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து அபிக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்றாள் பட்டம்மாள், யாரையும் பார்க்காமல். "அவங்கப்பன் என்ன அடிச்சப்ப எனக்காக யாரும் அது கூடச் சொல்லல."

டாக்டர் பேனாவைத் திறந்தாள். அடித்தது யார் என்று அடிபட்டவள்தான் சொல்ல வேண்டும், சொன்னால் போலீசுக்குத் தகவல் போகும் என்று அபியிடம் விளக்கினாள். அபி போனைப் பார்த்துக் கேட்டாள். அந்தப் பதிவில் அத்தை பேசியதை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுக்க முடியுமா? முடியாது, முழுசாகத்தான் கொடுப்பார்கள் என்றாள் ருக்ஸானா. ஊரே கேட்கும், கோர்ட்டில் போட்டுக் காட்டுவார்கள். அபி தயங்கினாள். இந்தக் கிழவிக்காக அவள் ஏன் தயங்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் கோபம்தான்.

பட்டம்மாள் நிமிர்ந்தாள்.

"எதையும் வெட்டாத. முழுசா குடு."

சொல்லிவிட்டு ஸ்டூலை நகர்த்தி அபியின் அடிபட்ட காது இருந்த பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அபி ஒரு நீண்ட மூச்சு விட்டு, புருஷன் பேரைச் சொன்னாள். தகப்பன் பேர், வீட்டு எண், தெரு, எல்லாம். டாக்டர் எழுத ஆரம்பித்தாள்.

இடது பக்கத்துக் கதவில் நிழல் விழுந்தது. நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு பரசுராமன் நின்றான். சத்தம் போட வழியில்லாத இடம். தணிந்த குரலில் அபி என்று கூப்பிட்டான். பிறகு அம்மா என்று கூப்பிட்டான். இரண்டு பெண்களும் திரும்பவில்லை. காது கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுபடியும் அபி என்றான்.

அந்த மூன்றாவது தடவைக்கு எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தது டாக்டர் மட்டும்தான்.